வேஷம் போடாத வேலைக்காரன்

கேள்வி: ‘லியர் மன்னன்’ நாடகத்தில் கெண்ட் பிரபு வேலைக்காரனாக மாறுவேடம் போட்டு ராஜாவுக்குத் துணை நிற்கிறார். எட்கர் பிச்சைக்காரனாகிறான். நல்லவனாக இருக்கப் பிரபுவாகப் பிறந்து வேஷமும் போட வேண்டுமா?
- ஒரு வாசகர், திருமுல்லைவாயில்

பதில்: கைதட்டல் வேண்டுமென்றால், ஆமாம்! நம்ம அரிச்சந்திர நாடகத்தையே பாருங்கள். மயான காண்டத்தில் ராஜா சொந்த மகன் பிணத்துக்கே கட்டணம் கேட்டு நிற்கும்போது கொட்டகையே தேம்பும். அதே சுடலையில் காலமெல்லாம் வேகிற தொழிலாளிக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது. பதவி இறங்கினால்தான் நமக்கு அழுகை வரும். மார்க்கண்டேய புராணத்தில் ராஜாவை விலைக்கு வாங்கிய சுடலை எஜமானும் கடைசியில் தருமதேவதையாகிவிடுகிறார். அசல் சுடலைக்காரருக்கு அங்கேயும் இடமில்லை!

ஆனால் ஷேக்ஸ்பியர் ஒருவனை மட்டும் வேஷமில்லாமல் படைத்தார். எட்கரின் அப்பா க்ளாஸ்டரின் கண்ணைக் கார்ன்வால் பிரபு பிடுங்கும்போது, சின்ன வயதிலிருந்தே அவனிடம் வேலை பார்த்தவன், “நிறுத்துங்கள்” என்று கத்தியை உருவுகிறான். உங்கள் ஊர் மாசிலாமணீஸ்வரர் கோயில் நந்தியும் எஜமானுக்கு முதுகு காட்டித்தான் இருக்கிறது. ஆனால் தொண்டைமான் மன்னனுக்குத் துணையாக அதைப் போகச் சொன்னதே சாமிதான் என்கிறது தலபுராணம். இந்த வேலைக்காரனை யாரும் அனுப்பவில்லை. எஜமானுக்குச் சாவுக்காயம், இவனை எஜமானின் மனைவி ரீகன் பின்னாலிருந்து குத்திக் கொன்றுவிடுகிறாள். வேஷமும் இல்லை, வம்சமும் இல்லை, ஒரு பெயர்கூட இல்லை. வெறும் ‘வேலைக்காரன்’.

மிச்சமிருந்த வேலைக்காரர்கள் கிழவரின் கண்ணுக்கு மருந்து போடுவதைப் பற்றிப் பேசும் சில வரிகள் 1608 பதிப்பில் உண்டு. 1623 பதிப்பில் அதற்கும் கத்தரி!