திருத்தணியில் ஒரே நாளில் குறியீட்டு நிபுணர் ஆவது எப்படி?

நீங்கள் ஏற்கெனவே பாதி நிபுணர். படம் முடிந்து வெளியே வந்ததும் "அந்தச் சுவரோட கலரைக் கவனிச்சியா?" என்று நண்பரின் சட்டையைப் பிடித்து இழுத்தவர். 'கபாலி'யில் ரஜினி சிறைக்குள் 'மை ஃபாதர் பாலையா' படிப்பதைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில், அந்தப் புத்தகத்தை இன்றுவரை வாங்காதவர். மிச்சப் பாதிக்கு ஒரு நாளும் ஒரு ஊரும் போதும். திருத்தணிக்கு வாருங்கள். சென்னையிலிருந்து மின்சார ரயில் இருக்கிறது. அறுபடை வீடுகளில் ஐந்தாவது. ஆந்திர எல்லை கூப்பிடு தூரம். கடவுள், மொழி, எல்லை, கட்சி நான்கும் ஒரே மலையடிவாரத்தில் அகப்படும். வேறெங்கும் இந்த வசதி கிடையாது.

1. முதலில் முடிவு, அப்புறம் பார்வை

ரயில் அரக்கோணம் தாண்டுவதற்குள் கட்டுரையின் கடைசி வரியை எழுதிவிடுங்கள். 'இது ஆதிக்கத்தின் குறியீடு' அல்லது 'இது எதிர்ப்பின் குறியீடு'. எது என்பது எந்தப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஊரில் இறங்கிய பிறகு வேலை சுலபம். வரிக்குப் பொருத்தமானதை மட்டும் பார்த்தால் போதும்.

2. மூன்று பிரெஞ்சுப் பெயர்கள்

குறியியல் பேச மூன்று பேர் போதும்: சசூர், பார்த், எக்கோ. முதலாமவர் சுவிட்சர்லாந்துக்காரர், மூன்றாமவர் இத்தாலிக்காரர். பரவாயில்லை, கூட்டத்தில் யாரும் கேட்பதில்லை.

சசூர் 1913-இல் இறந்தார். அவர் பெயரில் எல்லோரும் மேற்கோள் காட்டும் புத்தகம் 1916-இல் வந்தது. வகுப்புக் குறிப்புகளைச் சேர்த்து மற்றவர்கள் தொகுத்தது. ஆக, அவரே எழுதாத புத்தகத்தை நீங்கள் படிக்காமல் பேசுவதில் பெரிய பாவம் ஒன்றுமில்லை. ஒரு ஆபத்து மட்டும் உண்டு. ஒரு குறிக்குத் தனியாகப் பொருள் கிடையாது, பக்கத்துக் குறிகளிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது என்பதில்தான் பொருள் என்று அந்தப் புத்தகம் சொல்கிறது. இதை நம்பினால் அக்கம்பக்கம் எல்லாம் சுற்றிப் பார்க்க வேண்டிவரும். கேள்விப்படாத மாதிரி இருந்துவிடுங்கள்.

3. மொட்டையில் தொடங்குங்கள்

பேருந்து நிலையத்தில் சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள் நாலைந்தாவது இருக்கும். கற்றுக்குட்டி இங்கேதான் தடுமாறுவார். இது திருத்தணி மொட்டையா, திருப்பதி மொட்டையா? சாலை ஒன்றுதான், திருப்பதி போய்த் திரும்புகிறவர்களும் இங்கே இறங்கி மலையேறுகிறார்கள். தலையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. நெற்றியில் நாமமா, திருநீறா? கையில் லட்டுப் பை இருக்கிறதா? குழந்தை மொட்டை என்றால் பக்கத்தில் தாய்மாமன் நிற்கிறாரா, காதில் புதுக் கம்மல் மின்னுகிறதா, அழுது அழுது மூக்கு சிவந்திருக்கிறதா?

இதையெல்லாம் பார்த்தால் விடை கிடைத்துவிடும், கட்டுரை கிடைக்காது. 'தன்னிலையின் துறப்பு' என்று எழுதி மேலே போங்கள். சந்தனம் கத்தி பட்ட எரிச்சலுக்குக் குளிர்ச்சியாக இருக்கும் என்பதை அடிக்குறிப்பில்கூடச் சேர்க்காதீர்கள்.

ரோலான் பார்த்தும் தன் புகழ்பெற்ற உதாரணத்தை முடிவெட்டும் கடையில்தான் பிடித்தார். யாரோ கையில் கொடுத்த 'பாரி மாட்ச்' இதழின் அட்டையில், பிரெஞ்சு ராணுவ உடுப்பில் ஒரு கறுப்பின இளைஞன் சல்யூட் அடிக்கிறான். எங்கள் பேரரசில் நிறபேதம் கிடையாது, எல்லாப் பிள்ளைகளும் விசுவாசமாகத்தான் இருக்கிறார்கள் என்று அந்த அட்டை சொல்லாமல் சொல்கிறது என்றார். 1957-இல் வந்த 'மிதாலஜீஸ்' நூலில் அது இருக்கிறது. அல்ஜீரியாவில் போர் நடந்துகொண்டிருந்த நேரம். யார் வெளியிட்ட அட்டை, எந்த ஆண்டு, யார் படிக்க என்று அவர் அத்தனையும் சேர்த்துப் பார்த்தார். நீங்கள் முடிவெட்டும் கடையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

4. உள்ளூர்க்காரரிடம் வாயைத் திறக்காதீர்கள்

இது உயிர்நாடியான விதி. உதாரணத்துக்கு யானை. முருகன் கோயில் என்றால் எதிரே மயில் சுவாமியைப் பார்த்து நிற்கும். இங்கே ஐராவதம் நிற்கிறது, அதுவும் சுவாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிழக்கே பார்க்கிறது. அடடா! 'அதிகாரத்துக்கு முதுகு காட்டும் விலங்கு.' தலைப்பே கிடைத்துவிட்டது.

இந்த நேரம் பார்த்து அர்ச்சகரிடம் போய்க் கேட்டுவிடாதீர்கள். அரை நிமிடத்தில் கெடுத்துவிடுவார். தெய்வானையைக் கல்யாணம் செய்து கொடுத்தபோது இந்திரன் சீராகக் கொடுத்த யானை; அது போனதும் தேவலோகத்தில் வளம் குன்றிப்போனது; அதன் பார்வையாவது தன் பக்கம் இருக்கட்டும் என்று மாமனார் கேட்டார், மருமகனும் சரி என்றார். சீர் கொடுத்த வீட்டுக்கு ஏற்பட்ட நஷ்டமும், அதற்குக் கண்ட சமாதானமும் அந்த ஒரு திரும்பலில் இருக்கின்றன. மற்றக் கோயில்களோடு ஒப்பிட்டுப் பார்த்ததால் கேள்வி பிறந்தது, ஊர்க்காரர் சொன்னதால் பதில் வந்தது. இரண்டும் உங்கள் தொழிலுக்கு ஒத்துவராது.

சந்தேகம் இருந்தால் நம் துறையின் மூதாதையைப் பாருங்கள். சங்கப் பாடல்களில் வெறியாட்டு என்று ஒரு துறை வருகிறது. மகள் இளைக்கிறாள், நிறம் மாறுகிறாள், வளை கழன்று விழுகிறது. தாய் இவற்றைக் குறிகளாகத்தான் எடுத்துக்கொள்கிறாள், சரியான தொடக்கம். பிறகு நிபுணரைக் கூப்பிடுகிறாள். வேலன் வருகிறான், கழங்கு போட்டுப் பார்க்கிறான், முருகன் அணங்கியதால் வந்த நோய் என்று அறிவிக்கிறான், ஆட்டுக்குட்டியை அறுத்து ஆடுகிறான். பக்கத்து மலையைச் சேர்ந்த பையன்தான் காரணம் என்பது மகளுக்குத் தெரியும், தோழிக்குத் தெரியும், பாட்டைப் படிக்கிற நமக்கும் தெரியும். நற்றிணையில் ஒரு தோழி, தன்னால் வந்த நோய் இல்லை என்று தெரிந்தும் அழைத்தவுடன் வந்து நிற்கும் முருகனையே அறிவில்லாதவன் என்று சாடிவிடுகிறாள். வேலன் கலங்கினானா? அவனுக்குப் படையல் கிடைத்தது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னால் தோழியை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நமக்கு இந்தத் தொழிலே வந்திருக்காது.

5. படிகளைப் பற்றி எழுதுங்கள், ஏறாதீர்கள்

மலைக்கு 365 படி. ஆண்டுக்கு 365 நாள். ஊரார் சொல்லும் பொருள் இது என்பதால் உங்களுக்கு மதிப்பில்லாதது. லீப் வருஷத்துக்கு என்ன செய்வார்கள் என்று கேட்கும் பையனைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்; உண்மையான குறியியலாளன் அவன்தான், நம் பிழைப்பில் மண் விழும். மேலே வரைக்கும் கார் போகும். காரில் போனால் நாற்பது பக்கம் எழுதலாம். நடந்து ஏறினால், படிக்குப் படி மஞ்சளும் குங்குமமும் வைத்துக் கற்பூரம் ஏற்றிக்கொண்டே வரும் அம்மாவைப் பார்த்து, என்ன வேண்டுதல் என்று கேட்கத் தோன்றிவிடும். விதி 4 காலி.

6. டிசம்பர் 31-ஐ விடாதீர்கள்

அன்று இரவு இங்கே படித்திருவிழா. ஒவ்வொரு படியிலும் திருப்புகழ் பாடிக்கொண்டே ஏறி, ஆங்கிலப் புத்தாண்டு பிறக்கும்போது சுவாமியைத் தரிசிக்கிறார்கள். உடனே 'காலனிய மனநிலை' என்று போடுங்கள். வெள்ளைக்காரன் வருஷப் பிறப்புக்கு முருகன் கோயிலில் கூட்டமா என்று பொங்குங்கள். கைதட்டல் நிச்சயம்.

வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகளின் பெயரை எங்கும் சொல்லிவிடாதீர்கள். ஆங்கிலேயர் ஆட்சியில் ஜனவரி முதல் தேதி நம்மவர்கள் பழமும் மாலையுமாகத் துரைமார் வீட்டு வாசலில் போய் நிற்பது வழக்கம். அந்த முதல் வணக்கம் துரைக்கு எதற்கு, தணிகைத் துரைக்குப் போகட்டும் என்று அவர் மாற்றிவிட்டதுதான் இந்தத் திருவிழா. தேதி அவர்களுடையது, மரியாதை இடம் மாறியது. காலனியத்தை எதிர்த்து இவ்வளவு நேர்த்தியாக ஒரு குறியைத் திருப்பிய ஆள் கிடைப்பது அபூர்வம். நீங்கள் அதையே அடிமைப் புத்தி என்று படித்துவிட்டால், தவறாகப் படிப்பதில் உங்களுக்கு முதுகலைப் பட்டம்.

7. இல்லாததையும் படியுங்கள்

சஷ்டிக்குத் திருச்செந்தூர்க் கடற்கரையே சூரசம்ஹாரம் பார்க்கத் திரளும். திருத்தணியில் சம்ஹாரம் கிடையாது, மலர் அர்ச்சனைதான். போர் முடிந்து கோபம் ஆறி வந்து அமர்ந்த இடம் என்பது ஊர் சொல்லும் காரணம். நீங்கள் 'மறைக்கப்பட்ட போர்' என்று தொடர் எழுதுங்கள். பத்து வாரம் ஓடும்.

8. வேல் யார் கையில் என்று பார்த்துவிட்டுப் பொருள் சொல்லுங்கள்

2020 நவம்பர் 6 அன்று, பாஜகவின் அப்போதைய மாநிலத் தலைவர் எல். முருகன் வேல் யாத்திரை தொடங்கத் திருத்தணிக்கு வந்தார். அரசு அனுமதி மறுத்திருந்தது, போலீஸ் பிடித்தது, வேலோடு படம் வந்தது. 2021 ஜனவரியில் திருத்தணிப் பக்கம் ஒரு கிராமக் கூட்டத்தில் திமுக தலைவர் ஸ்டாலினுக்கு வெள்ளி வேல் கொடுத்தார்கள். அதுவும் படமாக வந்தது. ஏப்ரலில் சட்டமன்றத் தேர்தல்.

செய்ய வேண்டியது இதுதான். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கவே வைக்காதீர்கள். உங்கள் ஆள் பிடித்திருந்தால் பண்பாடு. எதிராளி பிடித்திருந்தால் வேஷம். அதே வேல், அதே மலையடிவாரம், அதே தேர்தல் என்றெல்லாம் குறுக்கே பேசுகிறவரிடம் 'சூழல் வேறு' என்று சொல்லிவிடுங்கள். எந்தச் சூழல் என்று அவர் கேட்பதற்குள் அடுத்த விவாதத்துக்குப் போய்விடலாம். பொய் சொல்லப் பயன்படக்கூடிய எதையும் ஆராய்வதுதான் குறியியல் என்பது உம்பர்ட்டோ எக்கோவின் இலக்கணம். அவர் சிரித்துக்கொண்டு சொன்னார். தேர்தல் நேரத்தில் நாம் அதைத் தொழில் கையேடாக எடுத்துக்கொண்டோம்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று: மூலவரை உற்றுப் பார்க்காதீர்கள். தணிகை முருகன் கையில் வேல் கிடையாது. வலக்கையில் இருப்பது சக்தி ஹஸ்தம் எனப்படும் வஜ்ராயுதம். அலங்காரத்தின்போதுதான் வேல் சார்த்துகிறார்கள் என்பது கோயில் வழக்கு. இதை எழுதினால் எந்தக் கட்சிக்காரரும் பகிரமாட்டார்.

9. எல்லைக்குப் போனால் கோபமாகப் போங்கள்

பூக்கடை அம்மா ஆந்திரப் பதிவெண் வண்டி நின்றதும் தெலுங்குக்கு மாறுவார். வண்டி கிளம்பியதும் தமிழ். இதை 'மொழிச் சரணாகதி' என்று எழுதுங்கள். இரண்டு முழம் கூட விற்றது என்று எழுதாதீர்கள்.

வரலாறும் கொஞ்சம் தூவலாம். திருத்தணி அப்போது சித்தூர் மாவட்டத்தில் இருந்தது, ம.பொ.சி.யும் மற்றவர்களும் வடக்கெல்லைக்காகப் போராடினார்கள்; எல்லைத் தகராறைத் தீர்க்க வந்த படாஸ்கர் கிராமம் கிராமமாகப் பார்த்துப் பிரிக்கச் சொன்னார்; 1959-இல் சட்டம் வந்தது; 1960 ஏப்ரல் 1-இல் ஊர் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. சட்டத்தைப் படிக்க வேண்டாம், தேதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 1! முட்டாள்கள் தினம்! யார் யாரை ஏமாற்றினார்கள்? அது நிதியாண்டின் முதல் நாள் என்று கணக்குப்பிள்ளை ஒருவர் கையைத் தூக்குவார். அவருக்கு மைக் கொடுக்காதீர்கள்.

1888-இல் இங்கே பிறந்த ராதாகிருஷ்ணனையும் விடாதீர்கள். பெயருக்கு முன்னால் சர்வபள்ளி. அது நெல்லூர்ப் பக்கத்து ஊர். ஒரு மனிதர் இரண்டு ஊர்க்காரராக இருக்க முடியும் என்பது மட்டும் உங்கள் கட்டுரையில் வரக்கூடாது.

10. கையெழுத்து

முத்துசாமி தீட்சிதருக்கு இந்த மலையில் ஒரு பெரியவர் வாயில் கற்கண்டு போட்டதாகவும், முதல் கிருதி அங்கே பிறந்ததாகவும் சொல்வார்கள். தன் பெயரை விட்டுவிட்டு 'குருகுஹ' என்று முருகன் பெயரையே முத்திரையாக வைத்தார். நீங்களும் 'ஆசிரியர் இறந்துவிட்டார்' என்று பார்த் சொன்னதை விளக்கிப் பத்துப் பக்கம் எழுதுங்கள். கீழே உங்கள் பெயரைத் தடித்த எழுத்தில், புகைப்படத்தோடு போடச் சொல்லுங்கள்.

11. ஒரே ஒரு விதிவிலக்கு

செருப்பு விடும் இடத்தில் டோக்கன் தருவார்கள். அந்த எண்ணில் அதிகாரம், உடல், சந்தை எதையும் தேடாதீர்கள். இறங்கி வந்ததும் நீட்டுங்கள். தொலைத்துவிட்டு 'குறிக்கும் பொருளுக்கும் இயற்கையான உறவு கிடையாது' என்று விளக்கினால், கடைசி ரயிலுக்கு வெறுங்காலோடு ஓடவேண்டியதுதான்.