ஊதா வளையம்

இப்போதெல்லாம் ரத்தம் எடுத்த கையில் வைத்த பஞ்சு உலர்வதற்குள் ரிசல்ட் வாட்ஸ்ஆப்பில் வந்து விழுந்துவிடுகிறது. டாக்டர் பார்ப்பதற்கு முன்பே நோயாளியின் மருமகன் அதைப் படித்து, கூகுளில் தேடி, பயந்து, தெளிந்தும் விடுகிறார். நான் லேப் டெக்னீஷியனாகச் சேர்ந்த எண்பதுகளில், மாட்டிடமிருந்தோ எலியிடமிருந்தோ நாயிடமிருந்தோ மனுஷனுக்கு வந்த நோய் இன்னதென்று சொல்வதற்கு எங்களிடம் இருந்ததெல்லாம் ஒரு மைக்ராஸ்கோப், நாலைந்து சாயப் புட்டிகள், ஜன்னலோரத்து வெளிச்சம், அப்புறம் அளவில்லாத நேரம்.

அந்த நேரத்துக்குள் எத்தனை அழகுகள் இருந்தன! பால் வளையச் சோதனை என்று ஒன்று செய்வோம். பால் சொசைட்டி கேனிலிருந்து வந்த பச்சைப் பாலில் ஒரு மில்லி எடுத்து ஒல்லியான கண்ணாடிக் குழாயில் விட்டு, ஹீமடாக்சிலின் சாயம் ஏற்றிய, செத்த புரூசெல்லா கிருமிகளில் ஒரு சொட்டு சேர்த்து, மெல்லக் கவிழ்த்துக் கலந்து, 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். பால் முழுக்க நீலம் பாரித்து, மேலே மிதக்கும் கொழுப்பு மட்டும் வெள்ளையாக நின்றால் கவலையில்லை. பால் வெளுத்துப்போய், மேலே மட்டும் ஊதா நிறத்தில் ஒரு வளையம் கட்டியிருந்தால், பாலில் இருந்த எதிர்ப்புப் பொருள் கிருமிகளைக் கொத்தாகப் பிடித்துக் கொழுப்போடு மேலே இழுத்துக்கொண்டு போயிருக்கிறது என்று பொருள். அந்தக் கேனுக்குப் பால் ஊற்றிய ஏதோ ஒரு தொழுவத்தில் கன்று வீச்சு நோய் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். வயிற்றெரிச்சலான சேதிதான். ஆனாலும் சன்னமான அந்த ஊதா வளையத்தை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிக்கும்போது எனக்குள் ஒரு சந்தோஷம் வந்ததை இந்த வயதில் மறைத்து என்ன ஆகப்போகிறது? இன்றைய பாக்கெட் பாலில் கொழுப்பையே நொறுக்கிக் கலந்துவிடுகிறார்கள். வளையம் கட்டுவதற்கு ஏடு மேலே வந்தால்தானே!

முதல் வளையத்தைப் பார்த்த அன்று சாயங்காலமே, 1887-இல் மால்டா தீவில் டேவிட் புரூஸ் என்ற ராணுவ டாக்டர் இந்தக் கிருமியைப் பிரித்தெடுத்ததையும், 1905-இல் ஸம்மிட் என்பவர் அது ஆட்டுப்பால் வழியாக வருவதைக் காட்டியதையும் வீட்டில் அம்மாவுக்கு வகுப்பெடுத்து, இனிமேல் பாலைக் காய்ச்சாமல் யாரும் குடிக்கக் கூடாது என்று உத்தரவும் போட்டேன். ஐம்பது வருஷமாகப் பால் காய்ச்சிக்கொண்டிருந்த அம்மா, "சரிப்பா, பொங்குது பாரு, அடுப்பை அணை" என்றாள். மறுநாள் காலையில் அதே நான், அதே கிருமியை, பிப்பெட்டின் மேல்முனையில் பஞ்சடைத்து வாயால் உறிஞ்சிக் கோட்டில் நிறுத்திக்கொண்டிருந்தேன். லேப்காரர்களைச் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும் கிருமி இது என்று புத்தகத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது; அதை வேறு யாரோ கைநடுங்கிகளுக்காக எழுதியிருப்பதாக எனக்கு எண்ணம்.

எலிக்காய்ச்சல் கதை தனி. மழைக்காலம் வந்து தெருவில் முழங்கால் தண்ணீர் நின்று வடிந்ததும், கண் சிவந்து கெண்டைக்கால் வலியோடு ஆட்கள் வரத் தொடங்குவார்கள். நாங்கள் உயிரோடு வளர்த்து வைத்திருந்த லெப்டோஸ்பைரா என்ற எலிக்காய்ச்சல் கிருமிகளை அவர்கள் சீரத்தோடு சேர்த்து, இருட்டுப் பின்புலத்தில் பார்ப்போம். கரிய வானத்தில் வெள்ளி இழைகள் துள்ளுவதும், அவற்றில் பாதி ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு அடங்கிப்போவதும் தெரியும். 1918-இல் மார்ட்டினும் பெட்டிட்டும் கொண்டுவந்த முறை. இத்தனை மிஷின்கள் வந்த பிறகும் மற்றச் சோதனைகளை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு இன்றும் அதுவே உரைகல். உறுதியாகச் சொல்ல வேண்டுமானால் இரண்டு வாரம் கழித்து இன்னொரு ரத்தம் வேண்டும், எதிர்ப்பொருள் நாலு மடங்கு ஏறியிருக்க வேண்டும். அந்த இரண்டாவது ரத்தம் வந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. பிழைத்தவருக்கு வர நேரமில்லை, பிழைக்காதவருக்கு வர வழியில்லை. அந்தக் கிருமிகளோ, வாரம் தவறாமல் புது ஊடகத்துக்கு மாற்றிக் கொடுத்தால்தான் இருப்பேன் என்று, சீர் கேட்கும் மாப்பிள்ளை மாதிரி முறுக்கிக்கொண்டு நின்றன. பொங்கல் லீவிலும் போய் மாற்றியிருக்கிறேன்.

உண்ணிக்காய்ச்சலுக்கு வெயில்-பெலிக்ஸ். 1916-ஆம் வருஷத்துச் சரக்கு. காய்ச்சல் ஒரு கிருமியால். சோதனையோ அதற்குச் சொந்தபந்தமே இல்லாத புரோட்டியஸ் என்ற இன்னொரு கிருமியால். ஏதோ ஒரு ஜாடை ஒற்றுமையில் வேலை நடந்தது, பல சமயம் நடக்கவும் இல்லை. ஆனால் எங்கள் பெரிய டாக்டர் ஒருவர் குழாய்களுக்காகக் காத்திருக்க மாட்டார். அக்குளைப் பார்ப்பார், தொடையிடுக்கைப் பார்ப்பார், அரைஞாண் கயிற்றை மேலே தள்ளிவிட்டு அடியில் பார்ப்பார். துணியும் கயிறும் இறுகும் இடத்தில்தான் அந்தப் பூச்சி கடிக்கும். கருத்துக் காய்ந்த சின்னப் பொருக்கு ஒன்று அங்கே இருந்தால் டாக்ஸிசைக்ளின் எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். இன்று எலைசா இருக்கிறது, ரொம்பத் துல்லியம். அரைஞாண் கயிற்றைத் தள்ளிப் பார்க்கிற விரலைத்தான் காணோம்.

வெறிநாய் விஷயத்தில் மட்டும் பழசை நினைத்து ஏங்க எனக்கு மனசு வராது. நாயின் தலையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, ஐஸ் போட்ட பிஸ்கட் டின்னில் வைத்து, டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவார்கள். கண்டக்டர் கேட்டால் 'மருந்து' என்பார்கள். மூளைத் துணுக்கை ஸ்லைடில் ஒற்றி, செல்லர்ஸ் சாயம் போட்டு, நீல நரம்புச் செல்லுக்குள் சிவந்த நெக்ரி உருண்டைகளைத் தேடுவோம். 1903-இல் நெக்ரி கண்டது. கிடைத்தால் வெறி உறுதி. கிடைக்காவிட்டால் ஒன்றும் உறுதியில்லை, சுண்டெலிக்கு ஊசி போட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதுவரை கடிபட்ட பையனுக்குத் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி, ஆட்டு மூளையில் செய்த மருந்து. அது 2004-ஓடு ஒழிந்தது; நல்லதாகப் போயிற்று. ஆனாலும் சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டிப் பள்ளிக்கூடத்தில் ராஜாவாகத் திரிந்த அந்தப் பையன்களின் கெத்து, தோளில் நாலைந்து ஊசி போட்டுக்கொள்ளும் இன்றைய பிள்ளைகளுக்கு வாய்க்கவில்லை என்பதையும் சொல்லத்தானே வேண்டும்.

மனுஷ ரத்தம் எங்களிடம் வரும், மாட்டு ரத்தம் பக்கத்துக் காம்பவுண்டில் கால்நடைத் துறைக்குப் போகும். இரண்டு இலாகாக்களுக்கும் கடிதப் போக்குவரத்துகூடக் கிடையாது. ஆனால் இரண்டு இடத்து அட்டெண்டர்களுக்கும் டீக்கடை ஒன்றுதான். "உங்க பக்கம் விடாத காய்ச்சல்னு ஒருத்தர் வந்திருக்காராமே, அவர் வீட்டு மாடு போன மாசம் கன்னு வீசிருச்சுண்ணே" என்று பதினோரு மணி டீயில் சேதி வந்துவிடும். நான் போய் புரூசெல்லாவுக்கான ரோஸ் பெங்கால் அட்டையில் அவர் சீரத்தில் ஒரு சொட்டு போட்டுப் பார்ப்பேன். இப்போது இதற்கு 'ஒன் ஹெல்த்' என்று பெயர் வைத்து, கமிட்டி போட்டு, ஜூமில் கூடுகிறார்கள். டீ மட்டும் அவரவர் வீட்டில்.

கொரோனாவின்போது எங்கள் ஊருக்கும் பி.சி.ஆர். மிஷின் வந்தது. லெப்டோவின் மரபணுவை முதல் வாரத்து ரத்தத்திலேயே மத்தியானத்துக்குள் காட்டித்தரக்கூடிய மிஷின். இரண்டாவது ரத்தம் தேவையே இல்லை. நான் இளைஞனாக இருந்தபோது இப்படி ஒன்று கிடைத்திருந்தால் கற்பூரம் காட்டியிருப்பேன். போன மழைக்குப் பிறகு பழைய லேப் பக்கம் எட்டிப் பார்த்தேன். மிஷினை உறை போட்டு மூடி, மேலே யாரோ ஹெல்மெட் வைத்திருந்தார்கள். "லெப்டோவுக்குக் கேட்டு எழுதுனாத்தானே சார் பண்றது, யாரும் கேக்கறதில்லை" என்றாள் அங்கே இருந்த பெண், பாவம், அவள்மேல் என்ன தப்பு. அன்று காலையில் வந்த ஒரு விண்ணப்பத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து காட்டினாள். மூன்று வாரக் காய்ச்சல், மூட்டு வலி, ராத்திரியானால் வியர்வை. டைபாய்டு கேட்டிருந்தார்கள், மலேரியா கேட்டிருந்தார்கள், டெங்கு கேட்டிருந்தார்கள். ஆளை எனக்குத் தெரியும். விடிகாலையில் எட்டு மாடு கறந்து டிவிஎஸ் எக்ஸெல்லில் கேன் கட்டிக்கொண்டு போகிறவர். தொழில் என்ற கட்டத்தில் 'மற்றவை' என்று இருந்தது.