தட்டில் இரண்டு கண்கள்

புனித லூசியா படத்தில் தட்டில் இரண்டு கண், முகத்திலும் இரண்டு கண். கணக்கு உதைக்கிறதே?

உதைக்கத்தான் செய்யும். கண்ணைப் பிடுங்கிய கதை, அவர் இறந்து பல நூற்றாண்டு கழித்துப் பிறந்தது. ரோமப் பேரரசர் டயோக்ளீசியன் காலத்தில், 304-ல், சிசிலித் தீவின் சிராகூசா நகரில் கொல்லப்பட்டவர் லூசியா. பழைய வரலாற்றில் கண்களே இல்லை. கழுத்தில் இறங்கிய வாள்தான் உண்டு. சீதனத்தை ஏழைகளுக்கு வாரிக் கொடுத்தார், ஆத்திரப்பட்ட மாப்பிள்ளை காட்டிக்கொடுத்தான் என்கிறது அது. இதைவிடவா கண்கள் பெரிய செய்தி?

லூசியா என்று ஒருத்தியே கிடையாது, எல்லாம் கட்டுக்கதை என்கிறான் நண்பன்!

நண்பரைச் சிராகூசாவின் நிலத்தடிக் கல்லறைகளுக்கு அனுப்புங்கள். 1894-ல் பாவ்லோ ஓர்சி என்ற தொல்லியலாளர் அங்கே ஒரு கிரேக்கக் கல்வெட்டைக் கண்டெடுத்தார். யூஸ்கியா என்ற பெண், ஏறக்குறைய 25 வயது. லூசியாவின் திருநாளன்று இறந்தாள் என்று கணவர் பொறித்திருக்கிறார். கல்லுக்கு வயது சுமார் 1,600. கதையின் ஒவ்வொரு வரியையும் அது நிரூபிக்காது, உண்மை. ஆனால் மனைவியைப் புதைத்த கையோடு, இல்லாத திருநாளையா ஒருவர் கல்லில் வெட்டுவார்?

லூசியாவின் திருநாளான டிசம்பர் 13 அன்று சிசிலிக்காரர்கள் ரொட்டி, பாஸ்தா தொடுவதில்லையாமே. விரதமா?

விரதமா? வயிறாரச் சாப்பிடுகிறார்கள்! 1646 பஞ்சத்தில், அவர் திருநாளன்று கோதுமைக் கப்பல் கரைசேர்ந்தது என்கிறது ஊர் நினைவு. பசித்தவனுக்கு மாவரைக்கப் பொறுமை ஏது? முழுக் கோதுமையை அப்படியே வேகவைத்துத் தின்றார்கள். அதுதான் இன்றைய குச்சியா. இப்போது ரிக்கோட்டா பாலாடைக்கட்டியும் சர்க்கரையும் சேர்த்துக்கொள்கிறார்கள்.