டென்ட் சகலை

பந்தி விசாரிக்க ஒருவர், ஆஸ்பத்திரியில் டாக்டரோடு பேச ஒருவர் என்று எல்லாக் குடும்பத்திலும் ஆள் உண்டு. சமீபகாலமாக டென்ட் அடிக்க ஒருவர் என்று புதிதாக ஒரு பதவி முளைத்திருக்கிறது. எங்கள் வீட்டில் அதை வகிப்பவர் என் சகலை. யாரும் கொடுத்த பதவியில்லை. ஆன்லைன் தள்ளுபடியில் அவரே வாங்கிக்கொண்டது.

இந்த வகை ஆளைக் கூட்டத்தில் சட்டென்று கண்டுபிடித்துவிடலாம். கல்யாண வீட்டில் முழங்கால் வலி என்று டேபிள் பந்திதான் கேட்பார். ஆனால் காட்டுக்குள் வெறுந்தரையில் படுப்பதுதான் வாழ்க்கை என்பார். பேன்ட்டில் எட்டு பாக்கெட் இருக்கும். கார் சாவி எப்போதும் எட்டாவதில் இருக்கும். "இயற்கையோட ஒட்டி வாழணும் சகலை" என்பார், ஏசியை இருபத்திரண்டில் வைத்துக்கொண்டு.

அவர் வாங்கிய டென்ட் பையில் இரண்டு எண்கள் அச்சாகியிருந்தன. ஒன்று, '4 பேர்'. கம்பெனிக்காரன் சொல்லும் நாலு பேர் யாரென்று எனக்குத் தெரியாது. எங்கள் மாமியாரை ஒருமுறை கண்ணால் பார்த்திருந்தால் அந்த எண்ணை அச்சடித்திருக்க மாட்டான். இன்னொன்று, 3,000 மி.மீ. துணியின் மேல் மூன்று மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றாலும் கசியாது என்று அர்த்தம். சோதனைக்கூடத்தில் துணியை இறுக்கிக் கட்டிப் பார்க்கிற கணக்கு அது. சகலை அதை மழைக் கணக்காக எடுத்துக்கொண்டுவிட்டார்.

"சென்னைக்கு வருஷம் பூராவும் பெய்யறதே 1,400 மி.மீ.தான். ரெண்டு வருஷ மழையை ஒரே ராத்திரியில கொட்டினாலும் நம்ம டென்ட் தாங்கும்."

இப்படியாக ஆயுத பூஜை லீவுக்குக் கொடைக்கானல் என்று முடிவானது. அக்டோபரில் மலைக்கா என்று நான் இழுத்தேன். சகலையின் போனில் வானிலை ஆப் மூன்று உண்டு. எது மழை இல்லை என்கிறதோ, அன்றைக்கு அதுதான் நம்பகமானது. வானிலை ஆய்வு மையமோ 'ஓரிரு இடங்களில் லேசானது முதல் மிதமான மழை' என்று அறிவித்திருந்தது. ஓரிரு இடங்கள் என்றால் அவர்கள் கணக்கில் கால்வாசி வரைக்கும். அந்தக் கால்வாசியில் அடுத்தவர் தோட்டம் மட்டும்தான் இருக்கும் என்பது சகலையின் உறுதி.

அதற்குமேல் அவர் எடுத்துவிட்டது வரலாறு. "1899-லயே வெள்ளைக்காரன் சூரியனை ஆராய இந்த மலையிலதான் ஆய்வுக்கூடம் வெச்சான். மேகம் மூடுற இடத்துல வைப்பானா?"

கேள்வி நியாயமானது. ஆனால் அந்த ஆய்வுக்கூடம் வந்த கதை வேறு. 1876-ல் தொடங்கிய சென்னை மாகாணப் பஞ்சத்துக்குப் பிறகு, மழை ஏன் பொய்க்கிறது, சூரியனுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று குழம்பியதில் பிறந்தது அது. மழையைப் பிடிக்க முடியாமல்தான் சூரியனையே பார்க்கப் போனார்கள். இதைச் சொன்னால் சகலை மனசு கஷ்டப்படும் என்று விட்டுவிட்டேன். இ-பாஸ் எடுத்தோம். எப்போது வருகிறீர்கள், என்ன வண்டி என்றெல்லாம் கேட்டார்கள். ஏன் வருகிறீர்கள் என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

பூம்பாறைப் பக்கம், பூண்டுத் தோட்டங்களுக்கு மேலே, தெரிந்தவர் ஒருவரின் புல்மேடு. கண்ணுக்கு எட்டிய வரை பச்சைப் படிக்கட்டுகள். அழகில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். சகலை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அவர் மலையைப் பார்க்க வரவில்லையே, டென்டைப் பார்க்க வந்தவர்.

"மாப்ளே, எங்க ஊர்ல கீத்துக் கொட்டாய் போட்டா முதல்ல சுத்தி வாய்க்கா வெட்டுவாங்க" என்றார் மாமியார், காரின் முன் சீட்டிலிருந்து இறங்காமலே.

"அத்தே, இயற்கையைக் காயப்படுத்தக் கூடாது."

பிறகு ஈரம் ஏறாமலிருக்க என்று அடியில் விரிக்க ஒன்றை எடுத்தார். பழைய ஃப்ளெக்ஸ் பேனர். யாரோ ஒரு வட்டச் செயலாளரின் பிறந்தநாள். கூப்பிய கை, கூலிங் கிளாஸ். டென்டைவிட அது எல்லாப் பக்கமும் ஓரடி பெரியது. "தாராளமா இருக்கட்டும்" என்றார். விவரம் தெரிந்தவர்கள் இந்த இடத்திலேயே காருக்குப் போயிருப்பார்கள். கீழே விரிப்பது டென்டுக்கு உள்ளடங்கி இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், மேலிருந்து வழிகிற தண்ணீரை ஏந்தி நமக்கு அடியிலேயே கொண்டுவந்து சேர்க்கும்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு ஓரிரு இடங்களில் முதல் இடமாக எங்கள் மேடு தேர்வானது.

டென்டுக்குள் அடுப்பு பற்றவைக்கக் கூடாது, விஷவாயு சேரும் என்று சகலை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அது சரியான பேச்சு. அன்று முழுக்க அவர் பேசியதில் மறுப்பே இல்லாதது அது ஒன்றுதான். ஆகவே வெளியே மேகி வெந்தது, நான் குடை பிடித்தேன். குடை மேகிக்கு, எனக்கில்லை.

இரவு பத்து மணிக்கு உள்ளே ஏழு பேர். சாரல் வருகிறது என்று சகலை ஜன்னல் ஜிப்பெல்லாம் இழுத்துவிட்டார். ஒரு மணி நேரத்தில் கூரையின் உள்பக்கம் முத்து முத்தாகத் துளிர்த்து என் நெற்றியில் ஒன்று விழுந்தது.

"ஒழுகுதுங்க" என்றார் அவர் மனைவி.

"ஒழுகல் இல்லை. நாம விடுற மூச்சுதான் குளிர்ந்து தண்ணியாகுது. அறிவியல்."

அதுவும் உண்மைதான். ஆனால் என் நெற்றியில் விழுந்தது யாருடைய மூச்சு என்று யோசித்ததும் தூக்கம் போய்விட்டது.

பன்னிரண்டு மணிக்கு முதுகுக்குக் கீழே ஏதோ அசைந்தது. டார்ச் அடித்துப் பாயைத் தூக்கினேன். மெல்லிய அடித்துணிக்குக் கீழே தண்ணீர் தளும்பியது. துணியை அழுத்தினால் வட்டச் செயலாளரின் கூலிங் கிளாஸ் நிழல்போல் தெரிந்தது, விட்டால் மறைந்தது. சகலையின் பெரிய பையன் அதை ஆறு தடவை அழுத்திப் பார்த்துச் சிரித்தான். இந்தப் பயணத்தில் அவன் சிரித்தது அதற்கு மட்டும்தான்.

அதற்குள் ஊறிய மண்ணிலிருந்து முளை ஒன்று பிடுங்கிக்கொண்டது. ஒரு பக்கச் சுவர் வந்து எங்கள் மேல் படுத்தது. எல்லோரும் காருக்கு ஓடினோம். முன் சீட்டில் சால்வையைக் காது வரை போர்த்தியபடி மாமியார் நல்ல தூக்கத்தில் இருந்தார். சகலை மட்டும் வரவில்லை. இரண்டு மணி வாக்கில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது: "உள்ளே இப்ப சூப்பரா இருக்கு. வாங்க." விழித்திருந்தவர்கள் எல்லோரும் படித்தோம். ஒருவரும் பதில் போடவில்லை.

திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை, ஈரத்தோடு மடித்தால் பூசணம் பிடிக்கும் என்று சகலை தன் அடுக்குமாடி மொட்டை மாடியில் டென்டை விரித்திருந்தார். சுள்ளென்று வெயில். பக்கத்தில் யாரோ வடாம் பிழிந்து வைத்திருந்தார்கள். நான் போனபோது, அவர் பக்கெட்டும் கையுமாக நின்று, தையல் ஓரமாகப் பார்த்துப் பார்த்து மக்கு மக்காகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். டென்டுக்குள்ளிருந்து சின்னவனின் குரல் வந்தது.

"இல்லப்பா, இங்க ஒழுகல. இன்னொரு மக்கு ஊத்துங்க."