விரால் பிடிப்பில் விசிஷ்ட நெறிகள்: காஞ்சிபுரத்து ஏரிக்கரைகளை முன்வைத்து ஓர் ஆய்வு

தூண்டில் போடுகிற ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு முறை உண்டு. அதுதான் உலகிலேயே சரியான முறை. மற்றவர் முறையில் மீன் சிக்கினால் அது தற்செயல். இத்துறையில் யாரும் மறுக்காத அடிப்படைகள் இந்த மூன்றும்தான். காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள ஏரிக்கரைகளில் வைத்து இவற்றைச் சோதித்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். பட்டுக்கும் கோயிலுக்கும் பேர்போன ஊரில் மீனுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள், வெயில் தாழ்ந்த பிறகு தாமல் ஏரிக்கரையிலோ தென்னேரிக் கரையிலோ கொஞ்சம் நடந்து பார்க்கலாம். ஏரிகள் மாவட்டம் என்று இதற்குப் பெயர் வந்தது சும்மா அல்ல.

ஆய்வின் எல்லையை முதலில் வகுத்துவிடுவது மரபு. கோயில் குளங்கள் இதில் சேரா. அங்குள்ள மீன்கள் பொரி தின்று வளர்ந்தவை. படியில் நிழல் விழுந்தாலே கூட்டமாக வந்து வாயைத் திறக்கும். அவற்றைப் பிடிக்கத் திறமை தேவையில்லை, துணிச்சல்தான் தேவை. அதுவும் அனந்தசரஸ் குளத்தில் அத்திவரதரே படுத்திருக்கிறார். 1979-க்குப் பிறகு 2019-இல்தான் எழுந்து வந்து 48 நாள் தரிசனம் கொடுத்தார். ஒரு கெண்டைக்காக அவர் தூக்கத்தைக் கலைக்க எந்த ஆய்வாளரும் முன்வர மாட்டார்.

ஆய்வுப் பொருள் விரால். அமெரிக்கர்கள் 'பாஸ்' என்ற மீனைப் பிடிப்பதை ஒரு தொழிலாகவும் சமயமாகவும் வளர்த்து வைத்திருக்கிறார்கள். அந்த மீன் காஞ்சிபுரத்தில் இல்லை. அதன் குணம் அத்தனையும் விராலிடம் இருக்கிறது. இரண்டுக்கும் பெரிய வாய். இரண்டும் பாசிக்கும் கோரைக்கும் அடியில் அசையாமல் காத்திருந்து, எதிரே வருவதை ஒரே பாய்ச்சலில் விழுங்கும். இரண்டும் குஞ்சுகளைக் காவல் காக்கும். விராலுக்குக் கூடுதலாக ஒன்று உண்டு. நீரில் கரைந்த காற்று அதற்குப் போதாது. மேலே வந்து காற்றை வாய்நிறைய வாங்கிக்கொண்டுதான் திரும்ப வேண்டும். வற்றிய ஏரியின் சேற்றில்கூட அது நாட்களை ஓட்டுவது இதனால்தான். கரையில் அனுபவசாலிகள் தண்ணீரைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருப்பதற்கும் இதுவே காரணம். ஓரிடத்தில் 'ப்ளக்' என்று சத்தம் கேட்டு வட்டம் விரிந்தால், விராலின் விலாசம் கிடைத்துவிட்டது.

இத்துறையின் இலக்கிய வரலாற்றை எழுதுகிறவர்கள் வழக்கமாக ஐசக் வால்டனில் தொடங்குவார்கள். தூண்டிற்காரனைத் தத்துவ ஞானியாக்கிய அவருடைய ஆங்கிலப் புத்தகம் 1653-இல் வந்தது. சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், 1873-இல் இந்தியத் தூண்டிற்கலை பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அது போதாதென்று 1887-இல் ஏரி குளங்களில் தூண்டில் போடுவது பற்றி மட்டும் இன்னொன்று. இவர்களையெல்லாம் காஞ்சிபுரம் பல நூற்றாண்டுகள் முந்திவிட்டது. கச்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன் மேல் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் ஒரு தூண்டிற்காரன் வருகிறான். தோளில் இறைச்சி இரை வைத்த தோல்பை, கையில் நீண்ட மூங்கில் கோல், அதன் முனையில் நாண், நாணின் கடைசியில் வளைந்த இரும்பு முள். கருவிப் பட்டியல் முழுமையாக இருக்கிறது. விளைவு? வாளை மீன் இரையை மட்டும் கவ்விக்கொண்டு போய்விடுகிறது. முள் வெறுமையாகத் தொங்குகிறது. தப்பிய மீன் பிறகு கரையோரப் பிரம்பின் நிழல் தண்ணீரில் ஆடுவதைப் பார்த்து, அதையும் தூண்டில் என்று நினைத்து நடுங்குகிறது.

உலகத் தூண்டில் இலக்கியத்தில் இது அபூர்வமான நேர்மை. மீன் தப்பியதைத் தப்பியதாகவே சொல்லியிருக்கிறார் புலவர். அதன் எடை எவ்வளவு இருந்திருக்கும் என்று ஒரு வார்த்தை இல்லை.

இனி நெறிகளுக்கு வருவோம். காஞ்சிபுரம் இரண்டு கலைகளின் ஊர். சரணாகதி பற்றி வைணவப் பெரியோர் சொன்ன இரண்டு உவமைகள் இங்கே சிறு பிள்ளைக்கும் தெரியும். குரங்குக் குட்டி தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும் என்பது மர்க்கட நியாயம், வடகலையார் கட்சி. பூனைக்குட்டி சும்மா கிடந்தால் போதும், தாயே வாயில் கவ்விச் செல்லும் என்பது மார்ஜார நியாயம்; தென்கலையார் கட்சி. வரதராஜப் பெருமாள் சந்நிதியில் இவ்விரு கலையாருக்கும் நடந்த வழக்குகள் நீதிமன்றங்களுக்குப் பழக்கமானவை. ஏரிக்கரையிலும் இதே பிளவு இருக்கிறது என்பது இவ்வாய்வின் கண்டுபிடிப்பு. பெரியோர் பொறுத்தருள்க.

பூனைக் கட்சியார் மிதப்புக்காரர்கள். மூங்கில் கழி, தங்கூஸ் நரம்பு, ஒரு தக்கை, சின்ன ஈயக்குண்டு, முள்ளில் மண்புழு அல்லது பொடிமீன். கோலைக் கரையில் ஊன்றிவிட்டுப் பீடியோ கடலையோ எடுத்துக்கொண்டால் அவர்கள் பங்கு முடிந்தது. மீன் வருவது மீனின் திருவுள்ளம். ஜிலேபி, கெளுத்தி, குறவை, எப்போதாவது ஒரு விரால் என்று எது வந்தாலும் ஏற்றுக்கொள்வார்கள். இந்த ஜிலேபி 1952-இல்தான் இந்தியாவுக்கு வந்தது என்றால் கரையில் யாரும் நம்புவதில்லை. ஊர் ஏரிகளை அது பிடித்துக்கொண்ட வேகம் அப்படி.

குரங்குக் கட்சியார் ஓரிடத்தில் நிற்க மாட்டார்கள். கையில் ரீல் மாட்டிய கோல், அதில் ரப்பர் தவளை. மதகிலிருந்து கலங்கல் வரை நடந்தபடியே எறிவார்கள், சுற்றுவார்கள், மறுபடி எறிவார்கள். தவளைப் பொம்மையின் இரண்டு முட்களும் முதுகோடு ஒட்டி மேல்நோக்கி இருப்பதால் ஆகாயத்தாமரை மேலும் அல்லி இலை மேலும் சிக்காமல் வழுக்கிக்கொண்டு வரும். இலை இல்லாத ஒரு சின்ன இடைவெளியில் அதை ஒரு நொடி நிறுத்த வேண்டும். அடி விழுவது அங்கேதான்.

விழுந்த பிறகு எப்போது இழுப்பது? இங்கேதான் குரங்குக் கட்சிக்குள்ளேயே உட்பிரிவுகள் தோன்றுகின்றன. சத்தம் கேட்டதும் வெட்டி இழுப்பது முதல் பிரிவு; அப்படி இழுத்தால் தவளை மட்டும் பறந்து இழுத்தவர் முகத்துக்கே வரும். விரால் இரையை வாயில் வாங்கித் தலையைத் திருப்பிக் கீழே போக அவகாசம் கொடுக்க வேண்டும் என்பது இரண்டாம் பிரிவு. அந்த அவகாசத்தை எப்படி அளப்பது என்பதில் மூன்று எண்ணுபவர், "முருகா" என்று ஒருமுறை நிதானமாகச் சொல்பவர், எதையும் எண்ணாமல் நரம்பில் கனம் தெரியும்வரை மூச்சை அடக்கி நிற்பவர் எனப் பல மதங்கள். கடைசி மதமே சரியென்று படுகிறது. ஆனால் அதைக் கடைப்பிடிக்க முடிந்தவர்கள் குறைவு. ஒரு விரால் எதிரே பாயும்போது மனித நெஞ்சு அவ்வளவு கட்டுப்பாடான உறுப்பு அல்ல.

ரப்பர் தவளைக்கு முன்பு உயிர்த்தவளைதான். அதை முள்ளில் கோத்து இலைகள் மேல் துள்ளவிடுவதைப் பார்க்கவே சகிக்காது. தவளைக்கால் ஏற்றுமதியை இந்தியா 1987-இல் தடை செய்தது. வயலில் பூச்சியைத் தின்னத் தவளை வேண்டும் என்ற அந்தக் கணக்கு ஏரிக்கரைக்கும் பொருந்தும். பொம்மை வந்தது தவளைகளுக்கு நல்ல காலம். அமெரிக்காவில் ஜேம்ஸ் ஹெடன் என்பவர் மரத்தில் தவளை செதுக்கிப் பாஸ் மீனுக்குப் போட்டதாகக் கதை உண்டு. பின்லாந்தின் லாரி ரபாலா 1936-இல் தக்கையில் மீன் செதுக்கி, சாக்லேட் சுற்றி வந்த மின்னும் தாளை ஒட்டினார். இரண்டு பேரும் கடைக்குப் போகவில்லை. கண்முன்னே இருந்த தண்ணீரைப் பார்த்தே செய்தார்கள். இன்றைய குரங்குக் கட்சியாரின் பெட்டியைத் திறந்தால் பச்சை, மஞ்சள், கருப்பு, புள்ளி போட்டது என்று ஒரு தவளைச் சந்தையே இருக்கிறது. அதில் பாதி மீனைப் பிடிப்பதற்காக அல்ல, வாங்குபவரைப் பிடிப்பதற்காகச் செய்யப்பட்டது.

உலகச் சாதனை வரலாறும் பெட்டிக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது. 1932 ஜூன் 2 அன்று ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி என்ற விவசாயி 22 பவுண்டு 4 அவுன்ஸ் எடையுள்ள பாஸைப் பிடித்தார், எடை போட்டார், வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைத்துவிட்டார். 2009-இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா ஓர் அவுன்ஸ் கூடுதலாகப் பிடித்தார். இரண்டு அவுன்ஸ் மிஞ்சினால்தான் புதுச் சாதனை என்பது விதி என்பதால் இருவரும் சமம் என்று தீர்ப்பானது. அத்தனை லட்சம் பேர், அத்தனை கோடி டாலர் கருவிகள், முக்கால் நூற்றாண்டுக்கு மேல் உழைப்பு. முன்னேற்றம் ஓர் அவுன்ஸ்.

காஞ்சிபுரத்துத் தூண்டிற்காரருக்கு வெளியூர்க்காரருக்கு இல்லாத ஓர் அனுகூலம் உண்டு: நூல். இழையைக் கண்ணால் பார்த்து, விரலால் உருட்டி, முறுக்குப் போதுமா என்று சொல்லும் பழக்கம் இங்கே வீட்டுச் சொத்து. இப்போது நைலான் நரம்புக்குப் பதிலாகப் பின்னல் நூல் வந்துவிட்டது. அதில் நாலு இழையா எட்டு இழையா என்று கடைக்காரர் விளக்கத் தொடங்கினால், தறியில் உட்கார்ந்தவர் சிரித்துக்கொள்வார். அறுந்த பாவு இழையை முடிச்சுத் தெரியாமல் பிணைத்த விரலுக்கு முள் கட்டுவது ஒரு வேலையா? கோர்வைத் தறியில் உடலுக்கு ஒரு நாடா, கரைக்கு வேறு நாடா. மரபான முறையில் இரண்டு பேர் ஒருவர் கையை ஒருவர் பார்த்தே ஓட்ட வேண்டும். ஒருவர் தப்பினால் இருவர் கூலியும் போகும். நாள் முழுக்க அப்படி அடுத்தவர் கைக்குக் காத்திருந்தவர் ஏரிக்கரையில் யாரும் உட்காராத மூலையாகத் தேடிப் போவதில் வியப்பில்லை. இடத்தேர்வு மீனின் குணத்தால் மட்டும் நடப்பதல்ல என்பதை ஆய்வாளர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

காலத்தேர்வு அதைவிடச் சிக்கல். நெசவாளர்க்கு அமாவாசை விடுமுறை என்பது பழைய வழக்கம். கை ஓய்ந்திருக்கும் அந்த நாளில்தான் வீட்டில் முன்னோர்க்குப் படையல்; மீனோடு வாசலில் நின்றால் வரவேற்பு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. புரட்டாசி முழுக்கப் பல வீடுகளில் அசைவம் கிடையாது. பெருமாள் ஊரில் கேட்கவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் மழை. தெருவில் பாவு விரிக்க முடியாது, தறிக்குழியில் ஈரம் ஏறும். வேலை நிற்கும், நேரம் கிடைக்கும். ஆனால் ஏரி நிரம்பி மீன் எங்கோ பரவிப் போயிருக்கும். மாசி, பங்குனியில் தண்ணீர் வற்றி விரால் ஒதுங்கும்போது கல்யாண முகூர்த்தச் சேலை அவசரம். ஆகச் சொந்த முறை என்று ஒருவர் பெருமையாகச் சொல்வதில் பாதி, வீட்டில் அனுமதி கிடைத்த நாளுக்கேற்ப அமைந்ததுதான். மீன் கடிக்கும் நேரம் வேறு, மனிதன் போகக்கூடிய நேரம் வேறு. இரண்டும் எப்போதாவது சந்தித்துக்கொள்கின்றன.

அடுத்தது கணக்கு. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, 921-ஆம் ஆண்டினது, குடவோலை முறையில் வாரியம் தேர்ந்தெடுப்பதைச் சொல்கிறது. ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும், வரி செலுத்தும் நிலம் இருக்க வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய உறவினரும் சேர்க்கப்பட மாட்டார்கள். இந்த விதியைத் தூண்டிற்காரர்களுக்கு விரித்தால் மாவட்டத்தில் ஒருவரும் தேற மாட்டார். பிடித்த மீனின் நீளத்தை முழங்கையில் காட்டுபவர் மறுவாரம் தோள்வரை காட்டுகிறார். தப்பிய மீனுக்கோ அளவே கிடையாது. அயிரையை விட்டு விரால் பிடிப்பது பழமொழியில் தந்திரம். டீக்கடைப் பேச்சில் அயிரையே விராலாகிவிடும்.

இவ்வளவையும் நிறுத்துப் பார்த்தால் தெரிவது இதுதான். விராலுக்கு முறை ஒன்றே: நிழல், இலை, மூச்சு, பாய்ச்சல். முறைகள் பெருகியது மனிதர் பக்கம். அவரவர் சுபாவம் எதுவோ அதுவே அவரவர் முறையாகிறது; பொறுமையில்லாதவர் மிதப்புக்காரராக முயன்றால் தக்கையையே முறைத்துத் தலைவலி வாங்கிக்கொள்வார். ஒரே ஏரியை எல்லாப் பருவத்திலும் பார்த்தவர், தண்ணீர் குறைந்திருந்தபோது பள்ளம் எங்கே இருந்தது, நெய்வேலிக் காட்டாமணக்குப் புதர் எதுவரை மூழ்கும் என்று தெரிந்தவர், எந்த முறையில் போட்டாலும் பிடிக்கிறார். கருவி அதற்குப் பிறகுதான்.

ஒரே ஒரு முறையை மட்டும் இவ்வாய்வு நிராகரிக்கிறது. செந்நிறக் குஞ்சுக் கூட்டம் நீர்மேல் கொதிப்பதுபோல் தெரியும் இடத்தில் தவளையை எறிந்தால் தாயோ தகப்பனோ உறுதியாக அடிக்கும். பசியால் அல்ல, காவலால். காவல் போனால் அத்தனை குஞ்சும் மற்ற மீன்களுக்கு இரை. அதைத் திறமைக் கணக்கில் சேர்ப்பதற்கில்லை.

படித்துவிட்டுக் கோலோடு புறப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏரிகளில் மீன்பாசி உரிமை ஏலத்துக்குப் போகிறது. எடுத்தவர் காசு கொடுத்துக் கட்லா, ரோகுக் குஞ்சுகளை விட்டிருப்பார். இந்த ஆண்டு ஏலம் எடுத்தவர் யார் என்று விசாரித்து, அவரிடம் கேட்டுவிட்டு உட்காருங்கள். கரையோரத்து டீக்கடையில் கேட்டாலே பெயரைச் சொல்லிவிடுவார்கள்.