நிமிர்ந்த ஸ்பானர்

சென்ற ஆயுத பூஜைக்கு முதல் நாள், என் தங்கையின் மகன், தான் இரவல் வாங்கிச் சென்றிருந்த என் அரை அங்குல ரிங் ஸ்பானரைத் துடைத்து, எண்ணெய் தடவி, சந்தனமும் குங்குமமும் இட்டு, இரண்டு கைகளாலும் பவ்யமாக நீட்டி, "வளைஞ்சு கெடந்துது மாமா, கம்பெனி வைஸ்ல வச்சு, சூடு காட்டி, நேரா நிமித்திக் கொண்டாந்துட்டேன்" என்று சொன்னபோது, பேச்சு மூச்சற்று நின்ற நான், வேறொன்றும் வாயில் வராமல் "மகராசனா இரு" என்று வாழ்த்திவிட்டேன். அந்த வாழ்த்தை இன்னமும் வாபஸ் பெற முடியாமல் தவித்துக்கொண்டிருக்கிறேன்.

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு அந்த வளைவு எதற்கென்று நான் சொல்ல வேண்டியதில்லை. வைத்திராதவர்களுக்குச் சொல்லியும் பிரயோஜனமில்லை. அம்பாஸடர் மார்க் 2-இன் 1489 சி.சி. எஞ்சினில், இடது பக்கத்தில், மேனிஃபோல்டின் அடிவயிற்றுக்குக் கீழே, டாஷ் பலகையை ஒட்டினாற்போலப் பின்புற டாப்பெட் கவர் என்று ஒன்று உண்டு; அதை இறுக்கிப் பிடிப்பது நடுவில் இருக்கும் ஒரே ஒரு போல்ட். அந்த போல்ட்டைக் கண்ணால் பார்க்க முடியாது, விரலால் தடவித்தான் அதன் இருப்பை அனுமானிக்க வேண்டும். கார்க் பாக்கிங் இற்று ஆயில் கசியும்போதோ, அது தன் இருப்பைத் தானே வாசல் சிமெண்டில் பிரகடனம் செய்துகொள்ளும். நேரான ஸ்பானர் எதுவும் அங்கே நுழையாது. இதே எஞ்சின்தான் எம்.ஜி.ஏ. என்னும் இருவர் அமரும் ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் காரையும் ஓட்டிற்று என்பதால், ஞாயிற்றுக்கிழமை தோறும் இங்கிலாந்திலும் யாரோ ஒருவர் இதே போல்ட்டை உத்தேசித்து ஒரு ஸ்பானரை நெருப்பில் காட்டிக்கொண்டிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அவருடைய மருமான் எப்படிப்பட்டவனோ!

ஆகவே, அத்தகைய கோண ஸ்பானர் ஒன்றை எவரும் சொற்பச் செலவில் தாமே சித்தம் செய்துகொள்ளும் சுலப மார்க்கத்தை விவரிப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு முன்பு இரண்டொரு விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன்.

காரோடு வந்த ஆங்கிலப் புஸ்தகங்கள் இவ்விஷயத்தில் உதவா. கஷ்டமான இடம் வந்தவுடன், '18 ஜி' என்று தொடங்கும் இலக்கமிட்ட விசேஷ உபகரணத்தைக் கொண்டு கழற்றுக என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுவது அவற்றின் சம்பிரதாயம். 18 ஜி வரிசை உபகரணங்களைத் தஞ்சாவூர் கீழவாசலில் கேட்டால், எந்தத் தியேட்டரில் எத்தனாவது வரிசை என்று திருப்பிக் கேட்பார்கள். ஆதலால் நான் போனது திருவையாறு சாலையில், வெட்டாற்றைத் தாண்டி உள்ளே இருக்கும் ஒரு கொல்லுப் பட்டறைக்கு. அறுவடை மிஷின் வந்த பிறகு கருக்கரிவாள் அடிக்கச் சொல்லுவார் குறைந்துபோன அந்தப் பெரியவர், எஞ்சின் சந்தில் விட்டு நான் அளவெடுத்து வளைத்துக் கொண்டுபோன கட்டுக்கம்பியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, "இதால எந்தப் பயிரை அறுக்கப் போறீங்க?" என்று கேட்டார். ஆனால் வேலையில் கெட்டிக்காரர். ஸ்பானரின் குரோமியப் பூச்சு உரிந்து பொசுங்கும்படி உலையில் பழுக்கவைத்து, இரண்டே இடங்களில் வளைத்து, "தண்ணியில முக்காதீங்கய்யா, விறைச்சு ஒடஞ்சிடும்" என்று சாம்பலிலேயே ஆறப்போட்டார். அந்த இரண்டு வளைவுகளைத்தான் என் மருமான், கேஸ் சுடரும் வைஸும் கொண்டு, ஒரு பொறியியல் பட்டதாரிக்குரிய துல்லியத்தோடு இல்லாமற் செய்திருக்கிறான்.

கைக்கெட்டாத இடத்துக்குக் கருவி செய்வது இந்தச் சீமைக்குப் புதிதும் அன்று. நரசிங்கம்பேட்டையில், பழைய வீடுகளின் உத்தரங்களிலிருந்து எடுத்த முதிர்ந்த ஆச்சா மரத்தைக் கடைந்து நாகஸ்வரம் செய்கிறவர்கள், வாயிலிருந்து அடிவரை விரிந்துகொண்டே போகும் அந்த நீண்ட துளையைக் குடைவதற்கென்று படிப்படியான அளவுகளில் நீள நீளமான இரும்புக் கருவிகளை வைத்திருக்கிறார்கள். 2022-ல் அந்த நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எல்லாரும் குழலைப் புகழ்ந்தார்களே தவிர, அந்தக் கம்பிகளைப் பற்றி ஒருவராவது ஒரு வார்த்தை பேசியதாக நான் கேள்விப்படவில்லை.

கம்பி என்றதும் குடைக்கம்பியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போவது நன்றிகெட்ட காரியமாகும். 1852-ல் இங்கிலாந்தில் சாமுவேல் ஃபாக்ஸ் என்ற மகானுபாவர், குடைக்கம்பியை உருட்டுக் கம்பியாக விடாமல், நெடுக ஒரு வாய்க்கால் ஓடும்படி மடித்தார். பாரம் குறைந்தது, பலம் குறையவில்லை. மனிதன் மழையில் நனையாமலிருக்க அவர் இதைச் செய்தார் என்று உலகம் நினைக்கிறது. கார்பரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் இடையே கையை விட்டுப் பார்த்தவன் அப்படி நினைக்க மாட்டான். துணியைத் தைப்பதற்கென்று கம்பியின் நுனியில் ஒரு காது இருக்கிறது. அதில் நூலைக் கோத்து ஒரு வாஷரைக் கட்டி எந்தப் பாதாளத்திலும் இறக்கலாம். நுனியைக் கொக்கியாக மடித்தால் ஆக்ஸிலேட்டர் ஸ்பிரிங்கை இழுத்து மாட்டலாம். தட்டித் தகடாக்கினால் கியர்பாக்ஸின் மேல் விழுந்து ஒளிந்துகொண்ட நட்டை வழித்தெடுக்கலாம். காந்தம் கட்டிய கம்பியைச் சிலர் சிபாரிசு செய்வார்கள்; அந்தக் காந்தம் வழியிலுள்ள இரும்பையெல்லாம் ஆலிங்கனம் செய்துகொண்டு போய்ச் சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஒரு நல்ல குடையில் இப்படிப்பட்ட கம்பிகள் எட்டு, அவற்றைத் தாங்கும் குறுங்கம்பிகள் எட்டு, ஆகப் பதினாறு உபகரணங்கள். பிரம்புப் பிடி மேலதிகம்.

இதை அறிந்த பிறகு குடைகளைச் சாதாரணக் கண்ணால் பார்க்கும் பாக்கியம் எனக்கு இல்லாமற் போயிற்று. பஸ்ஸில் பக்கத்து ஆசனக்காரர் மடியில் கிடத்தியிருக்கும் குடையை நான் சற்றே உற்று நோக்க, அவர் அதை மறுபக்கத்துக்கு மாற்றிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. மன்னார்குடிப் பக்கத்தில் வயோதிக மிராசுதார் ஒருவர் காலமாகி நான் துக்கம் விசாரிக்கப் போயிருந்தபோது, கூடத்தில் இருந்தவர்கள் அவர் விட்டுச்சென்ற நன்செய் எத்தனை வேலி, எத்தனை மா என்று தணிந்த குரலில் கணக்கிட்டுக்கொண்டிருக்க, நான் சுவரில் ஆணியில் தொங்கிய அவருடைய கறுப்புக் குடையை அண்ணாந்து பார்த்தபடியே இருந்தேன். வரப்பில் நின்று நடவைப் பார்த்த குடை, பாம்பை விரட்டிய குடை, ஐப்பசி அடைமழையில் ஒரு முறையும் மல்லாக்காமல் நின்ற குடை. என் கண்கள் கலங்கியிருந்ததைக் கண்ட அவர் மூத்த மகன், "அப்பா மேல உங்களுக்கு அத்தனை பிரியமா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். பத்தாம் நாள் கழித்து அந்தக் குடை எனக்கு வந்து சேர்ந்தது என்பதை மட்டும் இங்கே குறிப்பிடுகிறேன். இப்பொழுது விற்கிறார்களே, மூன்றாக மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்ளும் குடை, அதைப் பற்றி என் அபிப்பிராயத்தைக் கேட்காதீர்கள்! அலுமினியத்தில் ஒரு முழம், பிளாஸ்டிக்கில் ஒரு சாண், நடுவே மூட்டுவாதம் கண்டவை போன்ற ஆணிகள். காற்றடித்தால் தாமரையாக மலர்ந்துவிடும். மழைக்கும் உதவாது, மேனிஃபோல்டுக்கும் உதவாது. அதைத்தான் எல்லாத் திருமணங்களிலும் தாம்பூலத்தோடு கொடுக்கிறார்கள்.

என் எதிர்வீட்டுக்காரர் இதையெல்லாம் கேட்டுச் சிரிப்பார். அவரிடம் இருப்பது ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. 1961 முதல் சென்னையில் தயாரான அந்தக் காரில், மட்கார்டோடு முன்பாகம் முழுவதும் ஒரே மூடியாக முன்னோக்கிச் சாய்ந்துவிடும். அவர் டயரின் மேல் அமர்ந்து, காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நேரான ஸ்பானரால் எதையும் கழற்றுகிறார். அவர் வாழ்க்கையில் ஒரு கம்பியைக்கூட வளைத்ததில்லை. கற்பனாசக்தி விருத்தியடைய அவருக்கு அவகாசமே கிட்டவில்லை என்பதைத் தவிர அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கோண ஸ்பானர் செய்வதற்கு முதலில் ஒரு நேர் ஸ்பானர் வேண்டும். மருமான் நிமிர்த்தியது மறுபடி வளையாது. இரும்புக்கும் பொறுமைக்கு எல்லை உண்டென்று கொல்லர் தொடவே மறுத்துவிட்டார். ஆகவே புதிதாக வாங்கக் கடைக்குப் போனேன். "எத்தனை எம்எம் சார்?" என்றான் பையன். எடை, அளவுச் சட்டம் வந்தது 1956-ல்; அதற்கு மறு வருஷம் பிறந்த அம்பாஸடர் வம்சம் அங்குலத்தை விடவில்லை என்ற சரித்திரத்தை அவனுக்கு எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு 13-ஐ எடுத்து நீட்டினான். அரை அங்குலம் என்பது 12.7, மிச்சமுள்ள அந்தக் கால் மில்லிமீட்டர்ச் சொச்சத்தில்தான் இத்தேசத்துப் பழைய போல்ட்டுகளெல்லாம் தலை மழுங்கி மாண்டன என்று நான் குரலை உயர்த்தியதும், உள்ளேயிருந்து முதலாளி எழுந்து வந்தார். என்னைவிடச் சற்று மூத்தவர். என் விரல் முட்டிகளில் இருந்த காயங்களைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. கல்லாப்பெட்டிக்குக் கீழ் இழுப்பறையைத் திறந்து, துணியில் சுற்றிய ஒன்றைப் பிரித்து என் கையில் வைத்தார். அரை அங்குல ரிங் ஸ்பானர். குரோமியம் கருகி, இரண்டு இடங்களில் வளைந்தது.

என்ன விலை என்று கேட்டேன். விற்பனைக்கு அன்று என்று மறுபடியும் சுற்றி உள்ளே வைத்துப் பூட்டினார். பிறகு, பையன் அப்பால் போகும் வரை காத்திருந்து, சற்றே குனிந்து, "வீட்டுல பழைய குடை ஏதும் கெடக்குதாண்ணே?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லிவிட்டேன்.