பின்சீட்டின் நால்வகை அரண்: சீட் பெல்ட் பக்கிளின் எட்டாமை குறித்த ஆய்வு

பூஸ்டர் சீட்டில் அமர்ந்த குழந்தையின் கைக்குக் காரின் பெல்ட் பக்கிள் எட்டாமல் போவதே இங்கு ஆய்வுப்பொருள். பக்கிள் என்பது பின்சீட்டின் இடுக்கிலிருந்து முளைத்து, ஒரு துண்டு நாடாவின் முனையில் தலை சாய்ந்து கிடக்கும் சிறு பெட்டி. மூன்று முனைப் பெல்ட்டை 1959இல் வோல்வோவில் உருவாக்கிய நில்ஸ் போலின், அதற்கு முன் விமானியைப் போர் விமானத்திலிருந்து வெளியே எறியும் இருக்கைகளை வடிவமைத்தவர். எறிவதும் இருத்துவதும் ஒருங்கே கைவந்த அவர் தந்த பெல்ட், பெரியவர் உடம்புக்கே அளவானது.

ஆய்வுக்களமாகச் செஞ்சி கொள்ளப்பட்டது. எட்டாமையைக் கலையாகவே வளர்த்த ஊர் அது. அங்குள்ள கோட்டையின் ராஜகிரி மலையுச்சியை நெருங்குபவரை 24 அடி அகலப் பிளவு ஒன்று கடைசியாக மறிக்கிறது. 1690இல் தொடங்கிய முகலாய முற்றுகை 1698இல்தான் முடிந்தது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய இக்கோட்டையைப் பார்க்கக் குடும்பங்கள் காரில் வருகின்றன. ஒவ்வொரு பின்சீட்டிலும் ஒரு குறுமுற்றுகை நடக்கிறது. அதற்கு எட்டு ஆண்டு ஆவதில்லை. பொறுமை மட்டும் ஏறத்தாழ அதே அளவு செலவாகிறது.

அரணை நீர், நிலம், மலை, காடு என நான்காகப் பகுப்பது தமிழ் மரபு. பக்கிளுக்கு நான்கும் உண்டு.

மலையரண் பூஸ்டரேதான். பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றில் ஏறாமல் இடுப்பெலும்பில் படியவும், மேல்பட்டை கழுத்தை அறுக்காமல் தோளில் அமரவும் அது குழந்தையை உயர்த்துகிறது. சுமார் 145 செ.மீ. உயரம் வரும்வரை இந்த உயர்த்தல் தேவை. ஆனால் குழந்தை ஏறும்போது பக்கிள் கூடவே ஏறுவதில்லை. பூஸ்டரின் அகன்ற அடிப்பாகத்துக்கும் கைப்பிடிக்கும் கீழே பதுங்கிவிடுகிறது. ராஜகிரியில் மேலே இருப்பவன் கை ஓங்கும். பின்சீட்டில் மேலே இருப்பவன் கை எட்டாது.

நிலவரண் என்பது சீட் கவர். புதுக் கார் வந்ததும் பூசைக்கு அடுத்தபடியாக நடப்பது கவர் போடுதல். தைப்பவர் திறப்பு விட மறந்தால் பக்கிள் உயிரோடு புதையும். அதைத் தோண்டும்போது சில்லறை, மல்லாட்டைத் தோல், திருவண்ணாமலை விபூதிப் பொட்டலம் ஆகியவை அடுக்கடுக்காகக் கிடைப்பதுண்டு.

காட்டரண் என்பது பக்கிளை மறைக்கும் சாமான்கள். மேல்மலையனூர்க் கோயிலுக்குப் போகும் அமாவாசைப் பயணங்களில் அதன் அடர்த்தி கூடும்: ஜமக்காளம், புளிசோற்றுத் தூக்கு, மாற்றுத்துணிப் பை. நீரரண் கண்ணுக்குத் தெரியாதது. சிந்திய மாம்பழ ஜூஸ் பக்கிளுக்குள் இறங்கி உலர்ந்தால் பொத்தான் ஒட்டிக்கொள்ளும்.

இவற்றைக் கடந்த பின்னும் கோட்டை வீழ்வதில்லை. நாடாவில் தொங்கும் பக்கிளை அழுத்தினால் அது பின்வாங்கும். எனவே ஒரு கையால் அதைப் பிடித்து, மறு கையால் பெல்ட்டின் தகட்டைச் சொருக வேண்டும். இழுத்த பெல்ட் அதற்குள் கையை விட்டு ஓடிவிடும். “அம்மா, மாட்ட வரலம்மா” என்பது முற்றுகை முறிந்ததற்கான அறிவிப்பு.

தீர்வுகள் எளியவை. கவரில் பக்கிளுக்கு நேராகத் திறப்பு வைத்துத் தைப்பது முதலாவது. குழந்தை ஏறுமுன்பே பக்கிளை இடுக்கிலிருந்து மேலே எடுத்து நிறுத்துவது இரண்டாவது. அடி குறுகிய பூஸ்டரைத் தேர்வதும், பெல்ட் படியும் இடம் மாறாத அளவுக்கு அதைக் கதவுப் பக்கம் சற்று நகர்த்துவதும் மூன்றாவது. ஐசோஃபிக்ஸ் கொக்கியால் காரோடு பிணையும் பூஸ்டர் இடம் பெயராததால், விட்ட இடைவெளி விட்டபடியே இருக்கும்.

விலக்கத்தக்கவையும் உண்டு. பக்கிளை நீட்டும் இணைப்புத் துண்டு அதை வயிற்றின்மேல் கொண்டுவரும். கார், பூஸ்டர் தயாரிப்பாளர்கள் இருவரும் இசையாமல் அது கூடாது. பக்கிளை விறைப்பாக நிறுத்தும் நுரைப்பட்டைகளுக்கும் இதே விதி. எச்சரிக்கை மணியை ஏமாற்றப் பக்கிளில் சொருகும் போலித் தகடோ குழந்தைக்குரிய இடத்தையே அடைத்துக்கொள்ளும். 2023இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணையக் கடைகளில் அதன் விற்பனையை நிறுத்த ஆணையிட்டது.

2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயது நிரம்பாத குழந்தை பெல்ட்டோ குழந்தை இருக்கைப் பிணைப்போ இல்லாமல் பயணித்தால் வண்டி ஓட்டுபவருக்கு 1,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது. பக்கிள் எட்டவில்லை என்பதற்கு அதில் விலக்கு இல்லை. ஆகவே குழந்தை தானே மாட்டினாலும், ‘க்ளிக்’ ஓசை கேட்டதா என்று கவனித்துப் பெல்ட்டை ஒருமுறை இழுத்துப் பார்ப்பது பெரியவர் பொறுப்பு. சிவப்புப் பொத்தானை அழுத்திக் கழற்றும் பயிற்சியை வண்டி நிற்கும்போதே தர வேண்டும். ஓடும்போது அக்கலை வெளிப்படாமல் பார்த்துக்கொள்வது தனி ஆய்வுக்குரியது.